ச-வுக்கு ‘எஸ்’ இல்லை: ஒரு பகுதிநேர மாணவியின் நூலக அனுபவம்

முதல் பருவத்தில் ஐந்து வாரம், எங்கள் கல்லூரி நூலகத்தில் சிலப்பதிகாரத்துக்கு ஓர் உரைநூல்கூட இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். நூலகத்தின் கணினிப் பட்டியலான கேட்டலாக்கில் ஆங்கில எழுத்தில் தட்டிப் பார்த்தால் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. தமிழ் எழுத்திலேயே தட்டினால் ஒன்றுமே வரவில்லை. தமிழ்ப் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியில் சிலப்பதிகாரம் இல்லையா என்று மனத்துக்குள் குமுறிக்கொண்டு, இணையத்தில் கிடைத்த மூலபாடத்தை மட்டும் வைத்து முதல் கட்டுரையை எழுதிக் கொடுத்தேன். உரைகளைப் பார்த்ததாகத் தெரியவில்லையே என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். அது நியாயமான குறைதான்.

நான் பாலர் பள்ளித் தமிழாசிரியை. காலை ஏழரைக்கு வகுப்பில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீடு, ஒரு மகன், வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவு வகுப்பு. பலதுறைத் தொழிற்கல்லூரியை விட்டுப் பத்து ஆண்டு கழித்து மறுபடி படிக்க வந்தவள். அந்தக் காலத்தில் எனக்கு நூலகம் என்றால் குளிர்சாதனமும் படிக்க ஒரு மேசையும்தான். புத்தகம் இரவல் வாங்கிய ஞாபகமே அதிகம் இல்லை. என்னைப்போல வேலைக்கு நடுவில் படிக்கிறவர்களுக்கு நூலகத்தில் கிடைப்பது வாரம் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி வீணாகாமல் இருக்க எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆறாவது வாரம், வேறு ஏதோ கேட்கப் போனபோது கவுண்டரில் ஒரு தமிழ் அக்கா இருந்தார். பேச்சுவாக்கில் சிலப்பதிகாரம் இல்லாத கதையைச் சொன்னேன்.

“இல்லையா? எப்படித் தேடுனீங்க, தட்டிக் காட்டுங்கம்மா.”

தட்டினேன். அவர் திரையை என் பக்கமாகத் திருப்பினார்.

“எஸ் வேணாம், சி போடுங்க. அப்புறம் ‘தி’ வர்ற இடத்துல ஒரு ஹெச் போட்டிருக்கீங்க பாருங்க, அதை எடுத்துடுங்க.”

எடுத்தேன். 11 புத்தகங்கள் வந்தன. மூன்று உரைகள் அன்றைக்கே அலமாரியில் இருந்தன.

இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்ப் புத்தகம் தேடும் எந்த மாணவரும் இதில்தான் முதலில் இடறுகிறார். பல நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதியும்போது ஒரே அட்டவணையைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க நூலகச் சங்கமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து வகுத்த அட்டவணை அது. அது நாம் உச்சரிக்கும் ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறது. ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரு ரோமன் குறி, அவ்வளவுதான். ‘கடல்’, ‘அகம்’, ‘தங்கம்’ மூன்றிலும் க-வின் ஒலி வேறு வேறு. ஆனால் எழுத்து ஒன்று. அதனால் மூன்று இடத்திலும் ‘கே’. நாம் அடையாள அட்டையில் பெயர் எழுதும் பழக்கத்துக்கு இது நேர் எதிர். சண்முகம் என்ற பெயரை எஸ், ஹெச் என்று தொடங்கி நடுவில் ‘ஜி’ போட்டுத்தான் இங்கே எல்லாரும் எழுதுகிறோம். கேட்டலாக்கில் அவர் சி-ஏ-என்-எம்-யு-கே-ஏ-எம்.

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நம் புத்தகத்தைத் தேட நாம் வேறொரு எழுத்துமுறை படிக்க வேண்டுமா? கொஞ்ச நாள் பழகியதும் அதில் உள்ள நியாயம் புரிந்தது. மேலும் கீழும் போடும் புள்ளி, கோடுகளோடு சேர்த்துப் பார்த்தால் அந்த ரோமன் எழுத்திலிருந்து மூலத் தமிழ் எழுத்தை ஒன்று விடாமல் மீட்டுவிடலாம். நாம் அடையாள அட்டையில் எழுதுவதை வைத்து ஒருவர் பெயரில் இருப்பது ந-வா ன-வா ண-வா என்று யாராலும் சொல்ல முடியாது.

தேடும்போது அந்தப் புள்ளியும் கோடும் பெரும்பாலும் தேவைப்படாது. நான் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: ச எப்போதும் சி. க எப்போதும் கே, ஜி கிடையாது. த-வுக்கு ஹெச் சேர்க்கக் கூடாது. ப எப்போதும் பி-தான், ‘பாரதி’யைத் தேடினாலும் நாம் வழக்கமாகப் போடும் எழுத்து வராது, ‘பழம்’ என்பதற்கு என்ன போடுவோமோ அதே எழுத்துதான். நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்கக் கூடாது. ஊர் என்பதற்கு இரண்டு ‘ஓ’ போடாமல் ஒரு ‘யு’. ல, ள, ழ மூன்றும் ‘எல்’. ர, ற இரண்டும் ‘ஆர்’. இதில் ‘ற்ற’ வரும் சொற்கள்தான் என்னை மிகவும் படுத்தின. காற்று என்று தேட நடுவில் ‘டி’யும் ‘ஆரும்’ போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே இரண்டு ‘ஆர்’ வர வேண்டும். ஜ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் நாம் எதிர்பார்க்கும் எழுத்தே வரும்.

இன்னொன்று, சொற்களைச் சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் பதிவுக்குப் பதிவு மாறும். ‘தமிழிலக்கியம்’ என்று ஒருவர் பதிந்திருப்பார், ‘தமிழ் இலக்கியம்’ என்று இன்னொருவர். சொல்லின் முதல் பாதியைத் தட்டி நட்சத்திரக் குறி போட்டால் பெரும்பாலான இடங்களில் இரண்டும் வந்துவிடும். புதிய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தும் சேர்ந்தே இருக்கிறது. பழைய பதிவுகளில் ரோமன் மட்டும்தான். ஆகவே இரண்டு வழியிலும் தேடாமல் ‘இல்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நான் ஐந்து வாரம் இழந்தேன்.

சரி, கேட்டலாக்கில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அலமாரியில் கண்டுபிடிக்க வேண்டுமே. சிங்கப்பூர்ப் பொது நூலகங்களில், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூவி எண்கள். தமிழ் இலக்கியம் 894.811 என்று பலருக்கும் பார்த்துப் பழகியிருக்கும். எங்கள் கல்லூரியில் காங்கிரஸ் நூலக வகைப்பாடு. அதில் தமிழ் மொழியும் இலக்கியமும் ‘பி எல்’ (PL) என்ற பிரிவில் 4751 முதல் 4758 வரை வரும். முதல் எண் வரை யாருக்கும் சிக்கல் இல்லை. அதற்கு அடுத்து ஒரு புள்ளி, ஓர் எழுத்து, ஓர் எண் வருமே, அங்கேதான் நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன். நான் தேடிய புத்தகத்தில் ‘எம் 37’ என்று இருந்தது. எம் 4, எம் 5, எம் 6 எல்லாவற்றையும் தாண்டிப் போய்த் தேடிக்கொண்டே இருந்தேன். புத்தகமோ எம் 4-க்கு முன்னால் நின்றது. புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணை முப்பத்தேழு என்று படிக்கக் கூடாது. அது பதின்மம். 0.37 என்பது 0.4-ஐவிடச் சிறியது. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் அலமாரி திறந்துகொண்ட மாதிரி இருக்கும்.

அந்த எழுத்தும் ரோமன் அட்டவணைப்படிதான் வரும் என்பதை மறக்க வேண்டாம். சுந்தரம் என்று பெயர் கொண்ட ஆசிரியரின் நூல்கள் பெரும்பாலும் ‘எஸ்’ பக்கம் நிற்காது, ‘சி’ பக்கம் நிற்கும்.

‘அலமாரியில் உள்ளது’ என்று கேட்டலாக் காட்டியும் புத்தகம் இல்லையென்றால் உடனே திரும்பிவிடாதீர்கள். அன்று திரும்பி வந்து இன்னும் அடுக்கப்படாத புத்தகங்கள் ஒரு தள்ளுவண்டியில் இருக்கும். பெரிய அளவுப் புத்தகங்களுக்குத் தனி அலமாரி உண்டு. நகல் இயந்திரத்தின் பக்கத்தில் யாராவது வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அங்கேயும் இல்லையென்றால் கவுண்டரில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தேடித் தருவார்கள், கிடைத்ததும் மின்னஞ்சல் வரும். இப்படிச் சொல்வது அவர்களுக்குத் தொந்தரவு என்று நான் நினைத்திருந்தேன். அக்கா சொன்னார், “நீங்க சொன்னாத்தானேம்மா அது காணோம்னே எங்களுக்குத் தெரியும்.”

அடுத்து ‘ரிசர்வ்’ புத்தகங்கள். குழந்தை வளர்ச்சி பற்றிய பாடம் ஒன்று எடுத்தேன். பாடநூலை வாங்குவதென்றால் நூறு வெள்ளிக்கு மேல். நூலகத்தில் இரண்டு படி இருந்தன, இரண்டும் ரிசர்வ். இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தருவார்கள், வெளியே கொண்டுபோக முடியாது. மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் எடுத்தால் இரவு வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் மறுநாள் காலை திறந்ததும் திருப்பித் தர வேண்டும். பகல்நேர மாணவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஏழரைக்கு வகுப்பில் நிற்க வேண்டிய எனக்கு அந்த இரவுக் கடன் பயன்படாது. இரண்டு முறை எடுத்தேன். ஒருமுறை என் கணவர் வேலைக்குப் போகும் வழியில் சுற்றிப் போய்க் கொடுத்துவிட்டுப் போனார். இன்னொரு முறை மகனுக்குக் காய்ச்சல், புத்தகம் பையிலேயே இருந்துவிட்டது. ரிசர்வ் புத்தகத்துக்கு அபராதம் நாள் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில். அதைவிட, அந்தப் பகல் முழுவதும் அந்தப் புத்தகத்துக்காக வந்து திரும்பியவர்கள் இருந்திருப்பார்களே என்பதுதான் என்னை உறுத்தியது. அது தேர்வுக்கு முந்திய வாரம் வேறு.

அதற்குப் பிறகு நான் மூன்று வழிகளைக் கைக்கொண்டேன். ஒன்று, தேவையான அத்தியாயத்தை மட்டும் நூலகத்திலேயே ஸ்கேன் எடுப்பது. சொந்தப் படிப்புக்காகப் புத்தகத்தில் பத்து விழுக்காட்டுப் பக்கங்கள் அல்லது ஓர் அத்தியாயம் என்று இயந்திரத்தின் மேலேயே அறிவிப்பு ஒட்டியிருக்கும். எந்த வாரத்துக்கு எந்த அத்தியாயம் என்று பாடத்திட்டத்தில் இருப்பதால் அந்த அளவுக்குள் என் தேவை அடங்கிவிட்டது. ஸ்கேன் எடுக்கும்போது பக்க எண்ணும் நூல் விவரப் பக்கமும் விழுகின்றனவா என்று பாருங்கள். கட்டுரை எழுதும் இரவில், எந்த ஆண்டுப் பதிப்பு என்று தெரியாமல் தவிப்பது பெரிய கொடுமை. இரண்டாவது வழி, பழைய பதிப்பு. புதிய பதிப்பு ரிசர்வில் இருந்தாலும் அதற்கு முந்திய பதிப்பு சாதாரண அலமாரியில் யாரும் தொடாமல் நிற்கும். விரிவுரையாளரிடம் கேட்டேன். இரண்டு அத்தியாயங்கள்தான் மாறியிருக்கின்றன, மற்றதற்குப் பழையதே போதும் என்றார். பருவம் முழுவதும் அந்தப் பழைய பதிப்பு என்னிடம்தான் இருந்தது. மூன்றாவது, மின்நூல் வாங்கித் தரச் சொல்லி நூலகத்துக்கு விண்ணப்பம் போடுவது. இதற்கென்று ஒரு படிவம் இருப்பது முக்கால்வாசி மாணவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். எனக்கும் மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. பகுதிநேர மாணவி, பகலில் வர முடியாது என்று காரணம் எழுதினேன். அந்தப் பருவம் முடிவதற்குள் வாங்கிவிட்டார்கள்.

மின்நூல் என்றதும் எப்போது வேண்டுமானாலும் எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. நூலகம் வாங்கும் உரிமத்தைப் பொறுத்து ஒரு நேரத்தில் ஒருவர், மூன்று பேர், அல்லது வரம்பில்லை என்று இருக்கும். ‘ஒருவர்’ உரிமம் உள்ள நூலை ஒரு மாணவர் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போனால் மற்ற எல்லாருக்கும் அது பூட்டிய கதவு. படித்து முடித்ததும் பக்கத்தை மூடிவிடுங்கள், முழு நூலைப் பதிவிறக்கி இரவல் எடுத்திருந்தால் தவணை முடியும்வரை வைத்திருக்காமல் திருப்பிவிடுங்கள். இது நான் கெஞ்சிக் கேட்பது. கட்டுரைக்கு முந்திய இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்காரும் ஒருத்திக்கு அந்த ஒரு பொத்தான் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். அப்புறம், வீட்டிலிருந்து தேடும்போது ஜேஸ்டோர் போன்ற ஆய்விதழ்த் தளங்களுக்கு நேராகப் போகாமல் நூலகப் பக்கத்தில் நுழைந்து அங்கிருந்து போங்கள். நேராகப் போனால் பணம் கேட்கும் கட்டுரை, நூலகம் வழியாகப் போனால் திறக்கும்.

புதுப்பித்தல் பற்றி ஒன்று மட்டும். என் அபராதங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். நினைவூட்டல்கள் கல்லூரி மின்னஞ்சலுக்குப் போயின, நான் பார்த்ததோ சொந்த மின்னஞ்சலை. நான் எடுத்த புத்தகத்தை வேறொருவர் கேட்டால் தவணை குறைந்துவிடும். ‘ரீகால்’ என்று வரும் அந்தக் கடிதமும் அங்கேதான் போகும். அது தெரியாமல், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு புத்தகத்துக்கு ஒன்பது நாள் அபராதம் கட்டினேன். கல்லூரி மின்னஞ்சலைச் சொந்த மின்னஞ்சலுக்குத் திருப்பிவிட ஐந்து நிமிடம் ஆகாது. முதல் வாரமே செய்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய புத்தகம் வேறொருவரிடம் இருந்தால் நீங்களும் தயங்காமல் கேட்டுப் பதியுங்கள். யார் கேட்டது என்று அவருக்குத் தெரியாது. அது பறிப்பது ஆகாது, முறை அதுதான்.

இனி நான் சொல்லத் தயங்கும் விஷயம்.

மூன்றாம் ஆண்டு, நவம்பர் கடைசி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம். 1960களில் சென்னையில் அச்சான ஓர் இலக்கண நூலை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் புளோக் வரைக்கும் கூரை போட்ட நடைபாதை உண்டு, நடுவில் ஒரு சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் கூரை இல்லை. அந்த இருபது அடிக்குள் மழை என்னைப் பிடித்துக்கொண்டது. துணிப்பை. மேலே வந்து பார்த்தால் புத்தகத்தின் கீழ்ப்பாதி ஊறியிருந்தது.

பதற்றத்தில் முடி உலர்த்தும் இயந்திரத்தை எடுத்து முதல் முப்பது பக்கங்களுக்குக் காட்டினேன். காகிதம் அலை அலையாக வளைந்துவிட்டது. மறுநாள் வெயிலில் வைக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் கல்லூரி நூலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தது நல்லதாகப் போயிற்று. அதே அக்காதான் எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். சூடு காட்டக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கங்களைப் பலவந்தமாகப் பிரிக்கக் கூடாது. சும்மா ஈரமாக இருந்தால் புத்தகத்தை விரித்து நிறுத்தி, மின்விசிறிக் காற்று நேராக அடிக்காமல் அறைக்குள் சுழலும்படி வைக்க வேண்டும். சில பக்கங்களுக்கு ஒருமுறை வெள்ளை டிஷ்யூத் தாள் வைத்து, அது ஈரமானதும் மாற்ற வேண்டும். பூப்போட்ட தாளும் செய்தித்தாளும் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் காயவைக்க முடியாத அளவுக்கு ஊறியிருந்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டால் பூஞ்சை நிற்கும், பிறகு நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம்.

“இன்னொன்னும்மா, ராத்திரியோட ராத்திரியா புக் டிராப்புல போட்டுட்டுப் போயிடாதீங்க. நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க. ஒண்ணுல இருக்கற ஈரம் பக்கத்துல இருக்கற பத்து புத்தகத்துக்குப் போகும்.”

எனக்கும் அந்த எண்ணம் ஒரு கணம் வந்துபோனது உண்மை. கேட்டதும் வெட்கமாக இருந்தது.

நான்கு நாள் டிஷ்யூ மாற்றி மாற்றி உலர்த்தினேன். மகனும் சேர்ந்துகொண்டான். ஓரளவு காய்ந்தது. ஆனால் அடியில் ஒட்டிய பக்கங்களில் எழுத்து பெயர்ந்துவிட்டது. புத்தகத்தை நேரில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. புத்தக விலையும் அதைப் பதிந்து உறை போடும் செயலாக்கக் கட்டணமும் கட்டலாம், அல்லது அதே நூலை நானே வாங்கித் தரலாம், செயலாக்கக் கட்டணம் மட்டும் தனி என்றார்கள். பழைய பதிப்பு எங்கும் கிடைக்காது. சிராங்கூன் சாலைக் கடைகளில் கேட்டேன், இல்லை. மதுரையில் இருக்கும் அத்தைக்குச் சொன்னேன். அவர் இரண்டு வாரம் அலைந்து வேறொரு பதிப்பகம் மறு அச்சுப் போட்ட படியைக் கண்டுபிடித்தார். வாங்குவதற்கு முன் அட்டையையும் விவரப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதை நூலகத்துக்கு அனுப்பி, இது சரியாக வருமா என்று கேட்டேன். பாடம் அதே, பக்க எண் மட்டும் வேறு, ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்த பிறகே அத்தை பணம் கொடுத்தார். இந்த வரிசையில் செய்வது முக்கியம். என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்காமல் வாங்கிவந்த படி சுருக்கப் பதிப்பாக இருந்து, இரண்டாவது முறையும் செலவு செய்தாள்.

நனைந்த புத்தகத்தையும் அவர்கள் வீசிவிடவில்லை. படிக்கக்கூடிய பக்கங்கள் இருந்ததால் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து என் பையில் ஒரு ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறை எப்போதும் இருக்கும்.

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்து பற்றி எழுத வேண்டியிருந்தால் கல்லூரி நூலகத்தோடு நிற்க வேண்டாம். இங்கே வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு படிகளைப் பதிப்பாளர் தேசிய நூலக வாரியத்திடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் கல்லூரியில் கிடைக்காத உள்ளூர்ச் சிறுகதைத் தொகுப்பு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டடத்தில் 7 முதல் 13 வரையிலான மாடிகளில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்திலிருந்து எதையும் இரவல் வாங்க முடியாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். 1887-இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ பற்றியும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ பற்றியும் ஒரு கட்டுரைக்காக இரண்டு சனிக்கிழமைகள் அங்கே போனேன். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று முன்பே குறித்துக்கொண்டு போனால்தான் அங்கே நாள் பயன்படும். முதல் சனிக்கிழமை அது இல்லாமல் போய்ச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் கட்டுரைக்கு ஒரு வரிகூடத் தேறவில்லை.

தேர்வுக் காலத்தில் நூலகத்தில் இடம் பிடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். உணவங்காடியில் டிஷ்யூப் பொட்டலம் வைத்து ‘சோப்’ பண்ணும் பழக்கம் நமக்கு. அதே கையோடு நூலக மேசையில் பையை வைத்துவிட்டு மூன்று மணி நேரம் சாப்பிடவும் வகுப்புக்கும் போய்விடுகிறார்கள். வேலை முடிந்து ஆறரைக்கு வந்து சேரும் பகுதிநேர மாணவர்கள் காலி நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எழுந்து போகும்போது பையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

படிப்பு முடியப்போகும் பருவத்தில் இருப்பவர்களுக்கு: மாணவர் கணக்கு மூடியதும் மின்நூல்களும் ஆய்விதழ்களும் நின்றுவிடும். அவற்றின் உரிமம் படிக்கும் மாணவர்களுக்கு மட்டுமே. உங்களுக்கு வேண்டிய கட்டுரைகளை அதற்கு முன்பே முறைப்படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அபராதம் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பட்டமளிப்புக்கு முன் கணக்கை முடிக்கச் சொல்வார்கள். அச்சு நூல்களை மட்டும் முன்னாள் மாணவராக ஆண்டுக் கட்டணம் கட்டி இரவல் வாங்கலாம். நான் கட்டினேன். பாலர் பள்ளியில் கதை சொல்வதற்கு நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகள் தேவைப்படுகின்றன, அந்தக் கட்டணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

போன மாதம் அதற்காகப் போயிருந்தபோது பி எல் அலமாரிப் பக்கம் நடந்தேன். மதுரையிலிருந்து வந்த இலக்கண நூல் இருந்த இடத்தில் விரலளவு இடைவெளி. யாராவது மாற்றி வைத்துவிட்டார்களோ என்று தள்ளுவண்டியிலும் பார்த்தேன். பிறகு கேட்டலாக்கில் தேடினேன், சரியான எழுத்தில். இரவல் போயிருந்தது. அடுத்து வேண்டும் என்று ஒருவர் பதிந்தும் வைத்திருந்தார்.